அரிசிக் கோலம் முதல் கோயில் பேனர் வரை: நிறங்களைப் புரிந்துகொண்டு கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பிடி மஞ்சள் அரிசி, ஒரு பிடி நீல அரிசி. இரண்டையும் ஒரு தட்டில் கொட்டி நன்றாகக் கிளறுங்கள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு முப்பதடி தள்ளிப் போய், கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். என்ன நிறம் தெரிகிறது?

"பச்சை" என்றுதான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் பிள்ளைகள் பார்ப்பதற்கு முன்பே சொல்வார்கள். பார்த்த பிறகு பேச்சு நின்றுவிடும். அங்கே தெரிவது சாம்பல் பூத்த ஒரு மங்கல் நிறம். அதே மஞ்சள் சாயத்தையும் நீலச் சாயத்தையும் ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து வெள்ளை அரிசியை நனைத்தால் மட்டும் பச்சை வருகிறது. அதே இரண்டு நிறங்கள்தான், கலந்த விதம் வேறு.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெயர்ப்பலகை எழுதுவதும் பேனர் வடிவமைப்பதும் என் பிழைப்பு. தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன்பிருந்து அரிசிக் கோலம். தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். இத்தனை ஆண்டில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: எந்த நிறமும் தனியாக வாழ்வதில்லை. பக்கத்தில் எது இருக்கிறது, எந்த வெளிச்சத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்ற மூன்றும்தான் அது என்ன நிறம் என்பதைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து பார்த்தால் இது உங்கள் கண்ணுக்கே விளங்கும். வெறுமனே படித்தால் பாதிதான் விளங்கும்.

படி 1: ஒரு நிறத்திடம் மூன்று கேள்வி

சேலைக்கடையில் நம் அம்மாக்கள் பேசும் பேச்சைக் கவனியுங்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மயில்கழுத்து, அரக்கு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், சந்தனம், கத்தரிப்பூ. இந்தச் சொற்கள் வெறும் அழகுக்கு வைத்தவை அல்ல. "பச்சை" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதை எடுத்துப் போடுவார்? கிளிப்பச்சை என்றதும் வெளிச்சமும் பளிச்சும் உள்ள பச்சை என்று அவருக்குப் புரிகிறது. பாசிப்பச்சை என்றால் இருண்டு, சற்று மங்கியது.

நிறக் கோட்பாடு இதையேதான் மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது சாயல்: சிவப்பா, பச்சையா, நீலமா என்பது. இரண்டாவது வெளிச்சம்: வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் அது எந்தப் படியில் நிற்கிறது என்பது. மூன்றாவது செறிவு: பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து அடங்கி இருக்கிறதா என்பது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் இந்த மூன்று அளவுகளையும் வைத்து நிறங்களை எண்களால் குறிக்கும் முறையை வெளியிட்டார். அவருடைய முறையில் மண்ணின் நிறத்தைக்கூட எழுத்தும் எண்ணுமாகக் குறித்துவிடலாம். மண்ணியல் ஆய்வாளர்கள் இன்றும் அவர் பெயரிலுள்ள நிற அட்டையை வைத்துத்தான் மண்ணைப் பதிவு செய்கிறார்கள்.

மூன்றிலும் முக்கியமானது வெளிச்சம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சாயலைத்தான் துரத்துவார்கள்: "அக்கா, இதுக்கு ஊதா வைக்கவா, ஆரஞ்சு வைக்கவா?" வெளிச்ச வேறுபாடு சரியாக இருந்தால் ஊதாவும் நன்றாக இருக்கும், ஆரஞ்சும் நன்றாக இருக்கும். அது தவறினால் எதை வைத்தாலும் எடுபடாது.

பயிற்சி: வீட்டில் உள்ள நிறத்துணிகள் பத்தை எடுத்து, இருட்டிலிருந்து வெளிச்சம் வரை வரிசையாக அடுக்குங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எளிது. அடுக்கியபின் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பெரும்பாலோர் பளிச்சிடும் சிவப்பை உண்மையில் இருப்பதைவிட வெளிச்சமான இடத்தில் வைத்துவிடுவார்கள். செறிவு நம் கண்ணை ஏமாற்றி, வெளிச்சம் போல நடிக்கும். ஒரு வாரம் தினமும் இதைச் செய்தால் கண் பழகிவிடும்.

படி 2: கலப்பது மூன்று வகை

சாயத்தில் கலப்பது முதல் வகை. மஞ்சள் சாயம் தன்மேல் விழும் ஒளியில் நீலப் பகுதியை விழுங்கிவிடும். நீலச் சாயம் சிவப்புப் பகுதியை விழுங்கும். இரண்டும் சேர்ந்தபின் விழுங்கப்படாமல் மிஞ்சுவது நடுவிலுள்ள பச்சை. ஒவ்வொரு சாயமும் ஒளியிலிருந்து கொஞ்சம் கழிப்பதால்தான் நிறைய சாயங்களைக் கலக்கக் கலக்க நிறம் சேறாகிப் போகிறது. பள்ளி வாட்டர்கலர் பெட்டியில் எல்லாத் தண்ணீரும் கடைசியில் ஒரே பழுப்பாக முடிவதற்கு இதுதான் காரணம்.

ஒளியில் கலப்பது இரண்டாவது வகை. கைப்பேசித் திரையில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், மூன்றும் முழு அளவில் சேர்ந்தால் வெள்ளை. இங்கே சேரச் சேர வெளிச்சம் கூடும். நம் கண்ணின் உள்ளே நிறம் உணரும் கூம்பு உயிரணுக்களும் மூன்று வகைதான் என்பதால் மூன்று விளக்குகளே போதுமாகின்றன.

அரிசி மூன்றாவது வகை. ஒவ்வொரு அரிசியும் தன் நிறத்தைத்தான் அனுப்புகிறது. தூரத்திலிருந்து பார்க்கும் கண், அருகருகே உள்ள புள்ளிகளைப் பிரித்தறிய முடியாமல் சராசரி எடுத்துக்கொள்கிறது. ஒளியின் கணக்கில் மஞ்சளும் நீலமும் எதிரெதிர் நிறங்கள் என்பதால் சராசரி சாம்பலில் போய் நிற்கிறது. இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1850களில் நிறத்தட்டுகளைப் பம்பரம் போலச் சுழற்றிக் காட்டியதும் இதைத்தான்: நீலமும் மஞ்சளும் சுழன்று கலந்தால் பச்சை வராது. பிரெஞ்சு ஓவியர் சூரா 1880களில் புள்ளி புள்ளியாகத் தீட்டிய ஓவியங்கள் இந்தக் கலப்பை நம்பி எழுந்தவை. நம்மிடமோ இது பட்டுத்தறியில் ஏற்கெனவே இருந்தது. மயில்கழுத்துச் சேலையைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீல நூலும் பச்சை நூலும் மாறி மாறி ஓடுகின்றன. விலக்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகி, மடிப்பு திரும்பும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று மேலேறி ஒன்று தாழ்கிறது.

அரிசிக் கோலம் போடுகிறவர்களுக்கு இதில் பெரிய பயன் உண்டு. இளஞ்சிவப்பு வேண்டுமானால் தனியாகச் சாயம் கரைக்க வேண்டாம். ஒரு பங்கு சிவப்பு அரிசியோடு மூன்று பங்கு வெள்ளை அரிசியைக் கலந்தால் தூரத்தில் இளஞ்சிவப்பு. விளிம்பில் வெள்ளையை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் தாமரை இதழின் ஓரம் மலர்ந்து வரும். ஆனால் அரிசியைக் கலந்து பளிச்சென்ற பச்சையோ ஊதாவோ கொண்டுவர நினைக்காதீர்கள். அவற்றைச் சாயத்திலேயே செய்துகொள்ள வேண்டும்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாகிறதே, அது எந்தக் கலப்பு என்று வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. அது நிறக் கலப்பே இல்லை, வேதி மாற்றம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் சுண்ணாம்பின் காரத்தில் தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். அன்றைக்கே செய்து காட்டினேன்.

படி 3: சக்கரம்

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் வானவில்லின் இரு முனைகளையும் வளைத்துச் சேர்த்து வட்டமாக்கினார். நிறச் சக்கரம் அங்கிருந்து வளர்ந்ததுதான். ஓவியர் சக்கரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை. அவற்றின் இடையே ஆரஞ்சு, பச்சை, ஊதா. இவற்றுக்கு இடையே இன்னும் ஆறு என்று மொத்தம் பன்னிரண்டு. அச்சிலும் திரையிலும் முதன்மை நிறங்கள் வேறு. அச்சு மையின் மெஜந்தா ஏறத்தாழ நம் வாடாமல்லி.

சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடாது: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு சேர்ந்தால் சாமந்தி மாலை. நேரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஒளிக் கணக்கிலிருந்து சற்று மாறி, ஓவியர் சக்கரத்தில் அவை: சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம். சமதூரத்தில் மூன்றை எடுப்பதும் ஒரு முறை. இதற்கு மேல் சக்கரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த நிறம் எதற்கு எதிரில் இருக்கிறது என்பது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்தால் போதும். அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

படி 4: பக்கத்து நிறம் செய்யும் வேலை

இரண்டு தட்டு. ஒன்றில் மஞ்சள் அரிசியைப் பரப்புங்கள், மற்றொன்றில் கருநீல அரிசியை. இரண்டின் நடுவிலும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பச்சை அரிசியை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வையுங்கள். மஞ்சள் நடுவிலுள்ள பச்சை இருண்டு, நீலம் தோய்ந்ததாகத் தெரியும். கருநீலத்தின் நடுவிலுள்ள பச்சை வெளுத்து, மஞ்சள் ஏறியதாகத் தெரியும். வகுப்பில் இதைப் பார்த்ததும் முதலில் டப்பாவைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் இரண்டிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் சேர்த்துப் போட்டுக் காட்டுவேன்.

ஒவ்வொரு நிறமும் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்புறமாகத் தள்ளுகிறது என்பதே இதன் விதி. மிஷெல் யூஜின் ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸின் கோபெலான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அங்கே நெய்யப்படும் துணிகளில் கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்தன. இதை ஆராய்ந்து 1839இல் அவர் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். ஐரோப்பிய ஓவியத்தையே மாற்றிய நூல் அது. சாயக்காரனைத் திட்டுவதற்கு முன் பக்கத்து நூலைப் பார் என்ற அந்தப் பாடம் எனக்கு மாதம் ஒருமுறையாவது உதவுகிறது.

நடைமுறையில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு நிறம் மந்தமாகத் தெரிந்தால் அதை மாற்றுவதற்கு முன் பக்கத்து நிறத்தை மாற்றிப் பாருங்கள். ஆரஞ்சு பளிச்சிட வேண்டுமானால் இன்னும் சாயம் ஏற்ற வேண்டாம், சுற்றிலும் சாம்பல்நீலம் வையுங்கள். அடுத்து, இரண்டு வலுவான எதிர் நிறங்கள் உரசும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அரக்கு உடலும் பச்சைக் கரையும் உள்ள முகூர்த்தச் சேலையில் இரண்டுக்கும் நடுவே ஜரிகை ஓடுகிறதே, அது இல்லாவிட்டால் அந்த விளிம்பு கண்ணைக் குத்தும். கோலத்தின் வெள்ளைக் கம்பியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கோட்டை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள்.

படி 5: எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும்

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பத்தடி பேனர் செய்தேன். பின்னணி ராமர் பச்சை, எழுத்து குங்குமச் சிவப்பு. எதிர் நிறம், மங்களகரமான நிறம் என்று மனநிறைவோடு கொடுத்தேன். கட்டிய அன்று சாயங்காலம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, பச்சைத் துணிய மட்டும் கட்டியிருக்கீங்களே, தேதி கீதி ஒன்னும் எழுதலையா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே எழுத்து தெரியவில்லை. மற்றவர்களுக்கும் ஓரங்கள் துடித்துக்கொண்டே இருந்தன, நின்று உற்றுப் பார்த்தால்தான் படிக்க முடிந்தது. அன்று இரவே வெள்ளை வினைல் வாங்கி எழுத்தைச் சுற்றி ஓரம் ஒட்டினேன்.

என்ன தவறு? சாயல் எதிரெதிர், ஆனால் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்று. எழுத்தின் விளிம்பைப் பிரித்தறிய நம் கண் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைத்தான் நம்புகிறது. எல்லாரும் படிக்கும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான அணுகல்தன்மை வழிகாட்டுதலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம். வெள்ளைமேல் கறுப்புக்கு 21க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. திரையின் முழுச் சிவப்பை நடுத்தரப் பச்சைமேல் வைத்தால் வருவது 1.3க்கு 1 கூட இல்லை. மஞ்சள் எழுத்தை அரக்குமேல் வைத்தால் 10க்கு 1. மஞ்சளை வெள்ளைமேல் வைத்தால் 1.1க்கும் கீழே. நம் கல்யாண அழைப்பிதழ்களில் வெள்ளைமேல் தங்கமஞ்சள் எழுத்தைக் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். இணையத்தில் இதைக் கணக்கிடும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. அந்தக் கணக்கில் வெளிச்சத்தின் பங்கு பச்சைக்கு ஏறத்தாழ 72, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 விழுக்காடு. நீலம் எவ்வளவு பளிச்சிட்டாலும் உள்ளுக்குள் இருட்டு நிறம் என்பது இதிலிருந்து தெரியும்.

தாத்தாவுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது பிறவியிலேயே கடினம் என்பது பின்னால் தெரிந்தது. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் பன்னிருவரில் ஒருவருக்கு இது உண்டு, ஆசியாவில் அதைவிடக் குறைவு. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்களுக்கு அரிது. தாய்வழித் தாத்தாவிடமிருந்து அம்மா வழியாகப் பேரனுக்கு வரும். ஆகவே தகவல் சொல்லும் எதையும் சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது. கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தும் படிக்க முடிந்தால்தான் நான் இப்போது கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன்.

படி 6: எந்த நேரம், எந்த விளக்கு

கடையில் சேலைக்கு அச்சாகப் பொருந்திய ரவிக்கைத் துணி, வீட்டு வாசலுக்கு வந்ததும் பொருந்தாமல் போன அனுபவம் இல்லாத பெண் இந்த ஊரில் இருக்க மாட்டாள். கடைக்காரர் ஏமாற்றவில்லை. வெவ்வேறு சாயங்கள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரியலாம். வெயிலில் எல்லா அலைநீளமும் இருக்கிறது. பல விளக்குகளில் சில அலைநீளங்கள் குறைவு. துணியை வாசல்வரை எடுத்துப்போய்ப் பாருங்கள், அங்கே பொருந்தினால் வாங்குங்கள்.

விளக்குப் பெட்டியில் 2700 என்று போட்டிருந்தால் மஞ்சள் ஒளி, 6500 என்றால் நீலம் தழுவிய வெள்ளை. மஞ்சள் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் கொழுத்துத் தெரியும், நீலமும் ஊதாவும் அழுக்காகும். கோலம் பார்க்கப்படும் விளக்கின் கீழேயே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அந்திக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இங்கே ஏழேகால் மணிக்கு மேல் பொழுது சாயும்போது வேலியோரச் செம்பருத்தியைப் பாருங்கள். சற்றுமுன் நெருப்பாக இருந்த பூ கறுத்துப் போய்விடும், அதன் இலையோ இன்னும் வெளிச்சமாக நிற்கும். பகலில் நம் கண் 555 நானோமீட்டர் ஒளிக்கு, அதாவது மஞ்சள்பச்சைக்கு, மிகக் கூர்மையானது. இருட்டில் வேலை செய்யும் கோல் உயிரணுக்கள் 507இல், நீலப்பச்சையில் கூர்மையானவை. சிவப்பை அவை ஏறக்குறைய காண்பதே இல்லை. செக் நாட்டு அறிவியலாளர் புர்க்கின்யே கண்டு எழுதியதால் இதற்கு அவர் பெயர். மாலை விளக்கேற்றும் நேரத்துக் கோலத்தில் சிவப்பை மட்டும் நம்பி நடுப்பகுதியை அமைத்தால் அது குழியாகிவிடும். சிவப்பைச் சுற்றி வெள்ளையோ இளமஞ்சளோ கொடுத்துத் தாங்குங்கள்.

படி 7: நிறத்தொகுப்பை எங்கிருந்து எடுப்பது

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தத் தொகுப்புகளை நான் பயன்படுத்துவதில்லை. நம்மைச் சுற்றி இருப்பதே போதும். காலையில் பசியாறிவிட்டு ஒருநாள் கைப்பேசியோடு தோட்டப் பாதையில் நடங்கள். ஈரச் செம்மண். அதற்கு எதிர் நிறமாக அதன் மேலேயே நிற்கும் செம்பனை ஓலை. கீழே உதிரிப் பழங்கள்: காயாக இருக்கும்போது ஊதா கலந்த கறுப்பு, பழுத்தால் ஆரஞ்சுச் சிவப்பு. ஒரே பழத்தில் மேல்முனை கறுத்தும் அடிப்பகுதி சிவந்தும் இருக்கும். அந்தச் சிவப்பு காரட்டில் உள்ள அதே கரோட்டீன் வகை. பழைய பால்மரம் (ரப்பர் மரம்) மிஞ்சியிருந்தால் பட்டையில் சாம்பல் வெள்ளை. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர்: முன்மலை பச்சை, அதன் பின்னே நீலப்பச்சை, கடைசி வரிசை வானத்தோடு ஒட்டிய வெளிர்நீலம். இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் தூரம் கூடக் கூட நீலம் ஏறும், வெளிச்ச வேறுபாடு குறையும். ஓவியத்தில் ஆழம் காட்ட இதைவிட நல்ல ஆசான் இல்லை: தூரத்துப் பொருளுக்குச் செறிவைக் குறை, நீலத்தைக் கூட்டு, வெளிச்சத்தைக் கூட்டு.

படத்தைப் பெரிதாக்கி ஐந்து இடங்களைத் தொட்டு நிறம் எடுங்கள். ஓலையின் உண்மையான பச்சை எவ்வளவு மங்கல் என்று பார்த்து வியப்பீர்கள். பாக்கெட் பச்சைச் சாயத்தை அப்படியே இலைக்குப் போடுவதால்தான் பல ஓவியங்கள் பிளாஸ்டிக் போல இருக்கின்றன. துளி சிவப்பைச் சேருங்கள், பச்சை அடங்கும். எதிர் நிறத்தால் செறிவைக் குறைப்பது கறுப்பால் குறைப்பதைவிட உயிரோடு இருக்கும்.

அளவுக்கு உள்ளலங்காரக்காரர்கள் சொல்லும் 60, 30, 10 நல்ல தொடக்கம்: அடிப்படை நிறம் அறுபது பங்கு, துணை முப்பது, கண்ணை இழுக்கும் நிறம் பத்து. எதிர் நிறங்களுக்குச் சுவிஸ் ஓவிய ஆசிரியர் யோஹான்னஸ் இட்டன், ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் எண்களை வைத்துச் சொன்ன பரப்புக் கணக்கும் உண்டு: ஒரு பங்கு மஞ்சளுக்கு மூன்று பங்கு ஊதா, ஒரு பங்கு ஆரஞ்சுக்கு இரண்டு பங்கு நீலம், சிவப்பும் பச்சையும் சரிபாதி. சிவப்பு, பச்சை சரிபாதி என்பதை நான் பின்பற்றுவதில்லை. கண்ணுக்கு எது முதன்மை என்று தெரியாமல் போகிறது. ஒன்றை அரசனாக்கி மற்றதை மந்திரியாக்குவதே என் வழக்கம்.

படி 8: எட்டடிக் கோலம், தொடக்கம் முதல்

எட்டடி விட்டமுள்ள வட்டத்துக்கு எனக்கு ஏறத்தாழ 15 கிலோ அரிசி ஆகும். மலிவான நொய்யரிசி போதும், புள்ளி சிறிதாக இருப்பதால் நிறம் இன்னும் நன்றாக ஒன்றும். மேலே சொன்ன பங்கின்படி அடிப்படை நிறம் 9 கிலோ, துணை நிறம் நாலரை, பளிச்சு நிறம் ஒன்றரை.

முதலில் தாளில் நிறமே இல்லாமல் வரையுங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றால் மட்டும். மயிலும் தாமரையும் அந்த மூன்றிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிறம் வந்து காப்பாற்றாது. இது சரியானபின் ஒவ்வொரு சாம்பலுக்கும் அதே வெளிச்சமுள்ள நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுச் சாம்பலுக்குச் சிவப்பு வைக்கலாம், நடுத்தரப் பச்சை வைக்கலாம். வெளிர் சாம்பலுக்கு மஞ்சள், சந்தனம். கருஞ்சாம்பலுக்குக் கருநீலம், கத்தரிப்பூ, அரக்கு.

சாயம் நனைக்கும்போது ஈர அரிசி எப்போதும் இருண்டு தெரியும், காய்ந்தால் வெளுக்கும். ஆகவே ஒரு தேக்கரண்டி அரிசியை முதலில் நனைத்து, மின்விசிறிக்குக் கீழே முழுக்கக் காயவைத்துப் பார்த்தபின் மொத்தத்தையும் நனையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். கரைத்த அளவை டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள், பாதியில் அரிசி தீர்ந்துபோனால் அதே நிறம் மறுபடி கிடைக்க அது ஒன்றே வழி.

தரையின் நிறத்தையும் மறக்காதீர்கள். மண்டபத்துச் சிமெண்டுத் தரை சாம்பல், பேரங்காடித் தளம் வெள்ளை. ஒரே கோலம் இரண்டிலும் ஒன்றாகத் தெரியாது. நான் தரையின்மேல் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கைப்பிடியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நாற்காலிமேல் ஏறி நின்று பார்ப்பேன். அதன்பின் வெள்ளைக் கம்பி, பிறகு இருண்ட நிறங்கள், கடைசியில் மஞ்சள். மஞ்சளுக்குள் ஒரு நீல அரிசி விழுந்தாலும் கண் அங்கேதான் போகும்.

பேனர் செய்கிறவர்களுக்கு அச்சு பற்றிச் சிலது. திரையில் ஒளிரும் பச்சையும் மின்னும் நீலமும் மையில் கிடையாது. கோப்பைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே முறையில் (சயான் என்ற நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு அச்சு மைகள்) வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மாற்றினால் மனம் நோகும். நீலம் ஊதாவாக அச்சாவது எல்லாரும் படும் தொல்லை. சயானுக்கும் மெஜந்தாவுக்கும் இடையில் 30 விழுக்காடாவது இடைவெளி வைத்தால் நீலம் நீலமாகவே வரும். பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் போட்டால் சாம்பலாக இருக்கும், மற்ற மைகளையும் கொஞ்சம் சேருங்கள். சிறிய எழுத்துக்கு மட்டும் தனிக் கறுப்பு, இல்லையென்றால் ஓரத்தில் நிழல் தட்டும். வெயிலில் மெஜந்தாவும் மஞ்சளும்தான் முதலில் போகும். பழைய விளம்பரப் பலகைகள் எல்லாம் நீலம் பூத்து நிற்பது அதனால்தான். ஓராண்டு நிற்க வேண்டிய பலகையின் தொலைபேசி எண்ணைச் சிவப்பில் போடாதீர்கள், கருநீலத்தில் போடுங்கள். அச்சகத்தில் ஒரு அடிக்கு மட்டும் சோதனை அச்சு கேளுங்கள். அதைக் கம்பத்தில் கட்டி, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, காலையில் ஒருமுறையும் ஏழேகாலுக்கு ஒருமுறையும் பாருங்கள்.